எந்த ல

பீல் நகரில் எல்லாவற்றுக்கும் இரண்டு பெயர்.
தெருவுக்கு, நிலையத்துக்கு, மழைக்கு.
எங்கள் பால்கனி மரக்கைப்பிடியில்
ஒரு துளைக்குள் குடியிருப்பவளுக்கு மட்டும்
இரண்டு மொழியிலும் என்னிடம் பெயரில்லை.

எப்போதோ ஒரு வண்டு குடைந்துவிட்டுப் போன துளை.
கடுகு நுழையும். மிளகு நுழையாது.
கறுப்பாய் ஏதோ உள்ளே போனது,
எறும்பென்று விட்டுவிட்டேன்.
பிறகு யோசித்தேன்:
எறும்பு பறந்து வந்தா இறங்கும்?

பகலில் நான் கடிகாரத் தொழிற்சாலையில்
வலக்கண்ணில் பூதக்கண்ணாடி செருகி
சிவப்புக் கற்களின் துளைகளைப் பார்ப்பவள்.
நாளுக்கு எண்ணூறு துளை.
தேறியது இடப்பக்கம், தேறாதது வலப்பக்கம்.
ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை
அந்தக் கண்ணாடி
என் சட்டைப்பையில் மறந்துபோய் வீடு வந்தது.
மறந்துபோய் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

குளவி.
கொசுவுக்குத் தங்கையாகலாம், அவ்வளவுதான் உடம்பு.
வாயில் பச்சை அசுவினி ஒன்று,
கீழ்த்தளத்து நிக்லெஸ் அம்மாவின் ரோஜாவில் பிடித்தது.

கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று
தலையில் குட்டிக்கொண்டே சொன்னார்கள், கணக்கு வகுப்பில்.
இங்கே மொழி வகுப்பில்
குட்டாமல் அதையே சொன்னார்கள்:
ஏ ஒன்று, ஏ இரண்டு, பி ஒன்று.
இவளோ கொட்டவேயில்லை.
கழுத்தில் ஒரு கடி. தூக்கிக்கொண்டு போனாள்.
உள்ளே அசுவினி எதுவாகவும் ஆவதில்லை.
அடுக்கப்படுகிறது.
ஒரு முட்டை, ஒரு தடுப்பு, மறுபடி அசுவினி.

ஆகஸ்டில் வாசலை அடைத்தாள், பிசினால்.
ரயில்பாதைப் பக்கத்துப் பைன் மரத்தில்
எடுத்திருக்க வேண்டும்,
குண்டூசித் தலையளவு பொன்.
வாசலைச் சுற்றியும் சொட்டுச் சொட்டாய் வைத்தாள்.
ஓர் எறும்பு வந்து, கால் ஒட்டி,
உதறிக்கொண்டு திரும்பியது.

செப்டம்பரில் கட்டட நிர்வாகத்தின் கடிதம்:
கைப்பிடிகள் தேய்க்கப்படும்,
துளைகள் மக்கு வைத்து அடைக்கப்படும்,
வண்ணம் சாம்பல்.

அகராதியில் தேடினேன்.
கிராப்வெஸ்பே என்றது. கிராப் என்றால் கல்லறை.
கல்லறைக் குளவி என்று எழுதி வைத்தால்
யார் தூரிகையை நிறுத்துவார்கள்?
சாருகா, எட்டு வயது,
தமிழிலேயே எழுதி ஒட்டிவிட்டாள்:
இங்கே குழவி தூங்குது.
ளகரம் போடு என்று வாயெடுத்தேன்.
மூடிக்கொண்டேன்.

வண்ணம் பூச வந்த பெசிம் கோசோவோக்காரர்.
தாளை நேராகவும் தலைகீழாகவும் பார்த்தார்.
நான் கண்ணாடியை நீட்டினேன்.
முழந்தாளிட்டார். வெகுநேரம் எழவில்லை.
பிறகு துளைமேல் ஒரு ஐந்து ராப்பன் காசை வைத்து
பென்சிலால் சுற்றி வரைந்து
அந்த அளவுக்கு நாடா வெட்டி ஒட்டினார்.
பூசி முடித்து, உரித்தெடுத்து,
கம்பெனிக்குத் தெரிய வேண்டாம் என்றார்.
எந்தக் கம்பெனிக்கு என்று கேட்காமல்
கண்ணாடியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பனி பெய்தது. நாங்கள் மறந்துபோனோம்.
இந்த மறதி உண்மை.

மே இருபத்திரண்டு. பிசினில் ஓட்டை.
முதலில் வந்தது கறுப்பு. இரண்டாவதும் கறுப்பு.
மூன்றாவது,
பச்சை.
திரும்பினால் நீலம், இன்னும் திரும்பினால் செம்பு.
எங்கள் தொழிற்சாலையின் எந்தத் தட்டிலும்
நான் காணாத வேலைப்பாடு.

வேறொருத்தியின் பிள்ளை.
ரோஜாவிலேயே, உயிரோடிருந்த அசுவினிக்குள்ளேயே
முட்டையை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் யாரோ.
தெரியாமல் சுமந்து வந்து
தன் அறையில் வைத்து, கதவடைத்து,
பிசினால் காவலும் போட்டிருக்கிறாள் இவள்.
அந்த அறையில் இவளுடையது ஒன்றும்
இருந்திருக்கும்.

இடப்பக்கமா, வலப்பக்கமா.
கண்ணாடியில் என் மூச்சு படிந்தது. துடைத்தேன்.

என்ன வந்தது, என்றாள் சாருகா.
குழவி, என்றேன்.
எந்த ல, என்றாள்.

அது சற்று நேரம் வெயில் காய்ந்தது,
வண்ணம் படாத அந்தக் காசு வட்டத்தில்.
பிறகு கீழே, ரோஜாப் பக்கம்.